நீலகிரி, பழனி மலைகளில் மிஷனரிகளின் தாக்கம்: எந்த ஆவணத்தை எப்படிப் படிப்பது?

ஹட்டிச்சுவடு:

வணக்கம். நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் சில ஹட்டிகளின் (படகர் ஊர்களின்) வரலாற்றைத் தொகுக்கும் வேலை நடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடைக்கானல் பக்கத்து ஊர்கள் இரண்டையும் சேர்த்திருக்கிறோம். மிஷனரிகள் என்று வந்தாலே பேச்சு இரண்டாகப் பிரிகிறது. "அந்த மிஷனரி ஐயர்மார் வராமல் போயிருந்தால் மலையில் எழுத்தறிவே வந்திருக்காது" என்கிறது ஒரு தரப்பு. "மதம் மாற்றத்தான் வந்தார்கள், ஊர்க் கட்டுப்பாட்டைக் குலைத்தார்கள்" என்கிறது இன்னொன்று. ஆதாரம் கேட்டால் இரண்டு பக்கமும் கைகாட்டுவது ஒரே மாதிரி நூற்றாண்டு விழா மலர்களை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தாக்கம் என்பதை எதை வைத்து அளப்பது? மூல ஆவணங்கள் எங்கே கிடைக்கும்? படிக்கும்போது எங்கே வழுக்கும்? ஆப்பிரிக்கா, ஆசியா என்று பல நாடுகளை வைத்து இதுபற்றி ஆய்வுகள் வந்திருக்கின்றன என்கிறார்கள். அவை இந்த மலைகளுக்குப் பொருந்துமா?

பழைய தஸ்தாவேஜு:

முதல் வேலை, இரண்டு மலைகளையும் ஒரே கணக்கில் போடாமல் இருப்பது. நீலகிரிக்கு மிஷனரிகள் ஊழியம் செய்ய வந்தார்கள். பழனி மலைக்கு அமெரிக்க மிஷனரிகள் முதலில் ஏறியது உயிர் பிழைக்க. அதனால் அவர்கள் விட்டுப்போனதும் வேறு வேறு.

நீலகிரியில் மிகப் பழைய குறிப்பு 1603-ல் மலபாரிலிருந்து ஏறிவந்த சேசு சபைப் பாதிரியார் ஜாக்கோமோ பெனிசியோவுடையது. தோடர் பழங்குடியினரைப் பார்த்தார், எழுதினார், இறங்கிப் போய்விட்டார். நிலையான வேலை தொடங்கியது 1846-ல். காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற கம்பெனி அதிகாரி கேத்தியில் படகப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த ஆசைப்பட்டு, மங்களூர் வட்டாரத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த பாசல் மிஷனை (சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட புரொட்டஸ்டன்ட் மிஷன்) அழைத்தார். 1849-ல் அவர் இறந்தபோது சொத்தையும் மிஷனுக்கே எழுதிவைத்தார். கேத்தியும் கோத்தகிரியும் மிஷன் நிலையங்கள் ஆனது இப்படித்தான்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. பாசல் மிஷனின் இந்தியத் தலைமை இடம் மங்களூர், படகர் பேசும் படகு மொழி கன்னடத்துக்கு நெருக்கம். ஆகவே தொடக்கப் பாடமும் அச்சும் கன்னட எழுத்தில். 1890-ல் வந்த படகு லூக்கா நற்செய்தி கூடக் கன்னட எழுத்துதான். தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் தேடுகிறவர்கள் "கேத்தியில் பழைய ஆவணமே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் கட்டாயம் வேண்டும்.

இனி மதமாற்றம். முதல் படகர் ஞானஸ்நானம் 1858-ல். மிஷன் வந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து! மெட்ஸ் என்ற பாசல் மிஷனரி ஹட்டி ஹட்டியாக நடந்து, மொழியைக் கற்று, மலைச் சமூகங்களைப் பற்றிப் புத்தகமே எழுதினார் (இரண்டாம் பதிப்பு 1864, மங்களூர்). அப்படியும் ஊர் மசியவில்லை. வேதத்தில் (கிறிஸ்தவத்தில்) சேர்ந்தவருக்கு ஹட்டியில் இடமில்லை என்றானது. அவர்கள் மிஷன் வளாகத்தை ஒட்டிக் குடியேறினார்கள். இன்றும் படகர்களில் கிறிஸ்தவர்கள் சிறு பங்குதான். ஆனால் அதே ஊர் பள்ளிக்கூடத்தைத் தள்ளவில்லை. எழுத்து வேண்டும், ஞானஸ்நானம் வேண்டாம் என்று ஹட்டிகள் பிரித்து எடுத்துக்கொண்டன. ஆகவே மிஷன் என்ன கொடுத்தது என்பதோடு நிற்காதீர்கள். ஊர் எதை எடுத்துக்கொண்டது, எதைத் தள்ளியது, யார் முடிவு செய்தார்கள் என்று பாருங்கள். விழா மலர்களில் கிடைக்காதது இந்தப் பாதிதான். ஊர் கவுடர்கள் (தலைவர்கள்), பெற்றோர்கள் எல்லாம் அந்த மலர்களில் வெறும் பார்வையாளர்களாக நிற்கிறார்கள். அது அநியாயம்.

கொடைக்கானல் கதை வேறு. அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. மதுரைச் சமவெளியில் காலராவும் காய்ச்சலும் குடும்பங்களைத் தின்றன. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கே மலேரியா. பிறகுதான் இன்னும் உயரம் தேடிப் பழனி மலை. 1845-ல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் எழும்பின, சன்னிசைட், ஷெல்டன் என்று. ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் அந்தக் காய்ச்சல் தொடராது என்பதுதான் இடத்தேர்வுக்குக் காரணம். சுற்றியுள்ள ஊர்களில் ஊழியம் செய்யவேண்டும் என்று பார்த்து எடுத்த இடமில்லை. 1901-ல் அவர்கள் தொடங்கிய ஹைக்ளார்க் பள்ளியும் (இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி) மிஷனரிப் பிள்ளைகளுக்காகத்தான். ஆகவே சுற்றுவட்டார ஊர்களில் அவர்கள் தாக்கத்தை ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி சீசன் பொருளாதாரத்தில் இருக்கிறது. டோலி தூக்கியவர்கள், பங்களா வேலை, பால், காய்கறி, கட்டடக் கல். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏறிவருகிறவர்களை நம்பி மலையூர்களின் வேலைக் காலமே மாறியது. சமையல்காரர் சம்பளச் சீட்டு, வீட்டு வரவுசெலவு நோட்டு கிடைத்தால் விடாதீர்கள்.

பாம்பாறு சோலை:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் பழனி மலையை ஓய்வு மலை என்று முடித்தால் கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூர் விடுபட்டுப்போகும். அங்கே சேசு சபையினர் வேலை செய்யத்தான் இருந்தார்கள். கொடைக்கானல் சலேத் மாதா கோயில் 1866. செண்பகனூர் திருஇருதயக் கல்லூரி 1895. குருமாணவர்களுக்கு நடந்த கல்லூரி மலையின் இயற்கை வரலாற்றுக்கே கிடங்கானது. பாதிரியார் ஆங்கிலேட் நியூட்டனுடன் சேர்ந்து பழனி மலைக் கற்திட்டைகளை (பலகைக் கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச்சின்னங்கள்) அளந்து எழுதியதைத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. தாண்டிக்குடிப் பக்கம் கற்திட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். பாதிரியார் கே. எம். மத்தேயு தொகுத்த பழனி மலைத் தாவரத் தொகுப்பு 1999-ல் வந்தது.

இதில் ஊர் வரலாற்றுக்கு என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். உலர்தாவரத் தாள் (காயவைத்த செடியை ஒட்டிவைத்த தாள்) ஒவ்வொன்றும் ஓர் ஆவணம். வலது கீழ் மூலையில் சீட்டு இருக்கும். இடம், தேதி, உயரம், சேகரித்தவர், சில சமயம் உள்ளூர்ப் பெயர். ஒரே சரிவில் முப்பது ஆண்டு இடைவெளியில் எடுத்த தாள்களை அடுக்கினால் புல்வெளி எப்போது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரக் காடானது என்று கண்ணுக்குத் தெரியும். கவனிக்கவேண்டியது இரண்டு. சீட்டில் "கொடைக்கானல்" என்று இருந்தால் அது ஊரைக் குறிக்கவேண்டியதில்லை, ஒரு நாள் நடைக்குள் எந்தச் சோலையாகவும் இருக்கலாம். உயரத்தைப் பார்த்துச் சரிபாருங்கள். இன்னொன்று, தாளில் பின்னாளில் ஒட்டிய சிறு சீட்டு தாவரத்தின் பெயரைத் திருத்தியவருடையது. அந்தத் தேதியைச் சேகரித்த தேதியாக எடுத்தால் கணக்கு முழுதும் கெடும்.

பெரிய பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். கால்டுவெல் 1891-ல் கொடைக்கானலில் காலமானார், உடலை இடையன்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். ஜி. யு. போப் உதகையில் பள்ளி நடத்தினார், தோடர் மொழிக்கு அவர் எழுதிய இலக்கணச் சுருக்கம் 1873-ல் அச்சானது. இரண்டும் தமிழ்நாட்டுக்கு முக்கியம். ஆனால் உங்கள் ஊர்களில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள், மருந்து கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் உள்ளூர் உபதேசியார்களும் (சபையில் போதிக்கும் உள்ளூர் ஊழியர்கள்) வாத்தியார்களும் வேதமாதர்களும்தான் (வேதம் சொல்லிக்கொடுத்த பெண் ஊழியர்கள்). துரைமார் அறிக்கையில் அவர்கள் "நம் உதவியாளர்" என்று பெயரில்லாமல் வருவார்கள். பெயர் வேண்டுமென்றால் திருமணப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்தைப் பாருங்கள். ஒரே கையெழுத்து பத்து வருடம் தொடர்ந்து வந்தால் அவர்தான் அந்தச் சேகரத்து (சபை வட்டாரத்து) உபதேசியார்.

கிராமக் கணக்கு:

அளப்பது பற்றி. நீங்கள் கேட்ட ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது ராபர்ட் உட்பெரி 2012-ல் வெளியிட்டது. அரசாங்கத்தின் பிடியில் இல்லாமல் மதமாற்றத்துக்காக வேலை செய்த புரொட்டஸ்டன்ட் மிஷன்கள் எங்கே நெடுநாள் இருந்தனவோ அங்கே பள்ளி, அச்சு, சங்கங்கள் பரவி, பின்னாளில் மக்களாட்சி வேரூன்ற உதவியது என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மிஷனரிகள் கண்ணை மூடிக்கொண்டு இடம் தேர்ந்தெடுக்கவில்லை. நல்ல காற்று, தண்ணீர், சாலை, அதிகாரியின் ஆதரவு உள்ள இடத்தில்தான் இறங்கினார்கள். அந்த இடங்கள் மிஷன் இல்லாமலும் முன்னேறியிருக்கக்கூடியவை. அவர் இதைச் சரிக்கட்டப் பல கணக்குகள் போட்டிருக்கிறார், என்றாலும் நாடுகளை ஒப்பிடும் ஆய்வில் இந்தச் சிக்கல் முழுதாகத் தீராது. கொடைக்கானலும் கேத்தியும் அதற்கு நேரடி உதாரணம்.

கேத்தியையே எடுங்கள். மிஷன் பள்ளி ஒரு பக்கம். உதகைச் சந்தை பக்கத்திலேயே. உருளைக்கிழங்குக் காசு. மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் 1899, உதகை வரை 1908, கேத்தியில் நிலையம். பிறகு தேயிலை. 1920-ல் கேத்தி ஹட்டிகளில் படித்தவர்கள் அதிகம் என்றால் அதில் பள்ளியின் பங்கு எது, ரயிலின் பங்கு எது?

பிரிப்பதற்கு வழி: சாலையிலிருந்தும் சந்தையிலிருந்தும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் உள்ள ஹட்டிகளை இரண்டிரண்டாக எடுங்கள், ஒன்றில் மிஷன் பள்ளி இருந்திருக்கவேண்டும், மற்றதில் இருந்திருக்கக்கூடாது. பள்ளி தொடங்கிய வருடம் 1899-க்கு முன்னா பின்னா என்று தனித்தனியாக வையுங்கள். ரயிலுக்கு முன்பே இடைவெளி தெரிந்தால் பள்ளியின் பங்கைப் பேசலாம். ரயிலுக்குப் பிறகுதான் தெரிகிறது என்றால் அடக்கி வாசியுங்கள்.

இங்கே ஒரு பெரிய குழி. மக்கள்தொகைக் கணக்கு (1871 முதல்) வருவாய்க் கிராமம் வாரியாகத்தான் இருக்கும். நீலகிரியில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டிகள். கேத்தி என்று கணக்கில் இருப்பது பள்ளத்தாக்கு முழுவதும், அதில் மிஷன் வளாகமும் அடக்கம். கிறிஸ்தவர் எண்ணிக்கையை அப்படியே எடுத்தால் வெளியூரிலிருந்து வந்த ஊழியர்களும் தோட்டத் தொழிலாளரும் படகர் கணக்கில் ஏறிவிடுவார்கள். ஹட்டி வாரியாகப் பிரிக்கப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான் உதவும். அதில் மாணவர் பெயர், தகப்பனார், ஊர், சாதி, முந்தைய பள்ளி, விலகிய தேதி, காரணம் என்று பத்திகள் இருக்கும். விலகிய தேதியையும் காரணத்தையும் விடாதீர்கள். சேர்ந்தவர்களை எண்ணினால் மிஷன் அறிக்கை மாதிரியே பெரிய எண் வரும். மூன்று வருடம் தொடர்ந்தவர்களை எண்ணினால்தான் உண்மை தெரியும். பிறந்த தேதியை நம்பவேண்டாம். வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டது அது. ஜூன் மாதத் தேதிகளே வரிசையாக வந்தால் காரணம் அதுதான்.

"மிஷன் பணத்தில் பள்ளி" என்பதையும் சோதியுங்கள். 1854 கல்வி அறிக்கைக்குப் பிறகு மானிய முறை வந்தது. மிஷன் பள்ளிகளும் அரசு மானியம் வாங்கின, அரசு ஆய்வாளர் வந்து பார்த்தார். சென்னை மாகாணக் கல்வித் துறை ஆண்டறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மிஷனரி தன் சொந்த நாட்டுக்கு எழுதிய அறிக்கை நன்கொடையாளர்களுக்காக எழுதியது, நம்பிக்கை தரவேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. ஆய்வாளர் குறிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே வருடத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

நிலத்துக்கு: தாலுகா அலுவலகத்தில் நிலவரித் திட்டப் பதிவேடு, அ-பதிவேடு (சர்வே எண் வாரியான நிலப் பட்டியல்), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றுக்கும் நகல் மனு போடுங்கள். பழைய சர்வே எண், புதிய சர்வே எண் ஒப்பீட்டுப் பட்டியலையும் சேர்த்துக் கேட்காவிட்டால் 1900-க்கு முந்தைய பத்திரம் எதையும் இன்றைய நிலத்தோடு பொருத்தமுடியாது. பாசல் மிஷன் பெயர் திடீரென்று மறைந்தால் குழம்பவேண்டாம். முதல் உலகப்போரில் ஜெர்மானிய மிஷனரிகளை அரசு பிடித்து வெளியேற்றியது, நிர்வாகம் கைமாறியது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை, பிறகு கோவைத் திருமண்டலம் என்று பெயர் மாறிக்கொண்டே போகும்.

ஹட்டிச்சுவடு:

மிக்க நன்றி. வருவாய்க் கிராமச் சிக்கலை நாங்கள் கவனிக்கவே இல்லை, பட்டியலை மறுபடி போடுகிறோம். இன்னும் இரண்டு கேள்வி. வெளிநாட்டில் இருக்கும் பாசல், அமெரிக்க மிஷன் கடிதங்களை ஊரிலிருந்தே பார்க்க வழி உண்டா? அடுத்தது, ஒரு சபையில் பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. ஏடுகள் ஈரம் பட்டு ஒட்டிக்கிடக்கின்றன. கல்லறைத் தோட்டத்தில் எழுத்தே தெரியவில்லை.

பழைய தஸ்தாவேஜு:

பாசல் மிஷன் காப்பகம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில். பட்டியலும் பழைய புகைப்படங்களும் இணையத்தில் தேடக் கிடைக்கும். ஊரை "கைட்டி", "கேட்டி", "கோட்டகெரி" என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடவேண்டும். கடிதங்கள் ஜெர்மன், அதுவும் குர்ரென்ட் என்ற பழைய கையெழுத்தில். ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவருக்கே ஓடாது. 'ஈ' எழுத்தும் 'என்' எழுத்தும் ஒன்றுபோல் இருக்கும், ஆட்பெயர் ஊர்ப்பெயர் எல்லாம் அதில் தடுமாறும். பழைய கையெழுத்தைப் படிக்கும் ட்ரான்ஸ்கிரிபஸ் மென்பொருள் முதல் வாசிப்புக்கு உதவும், பெயர்களை மட்டும் கையால் சரிபார்க்கவேண்டும். அச்சான ஆண்டறிக்கைகளில் தொடங்கினால் நாளும் ஆளும் பிடிபடும், பிறகு கடிதத்துக்குப் போகலாம். அமெரிக்க மதுரை மிஷன் தாள்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில். அவர்கள் மாத இதழ் "மிஷனரி ஹெரால்டு" பழைய தொகுதிகள் இணையத்தில் இருக்கின்றன. அதில் கொடைக்கானலோடு "புல்னி ஹில்ஸ்" என்றும் தேடுங்கள்.

காகித வைத்தியம்:

ஒட்டிக்கிடக்கும் ஏட்டைக் கத்தி விட்டுப் பிரிக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். வெயிலில் தாள் வளையும், மசி வெளிறும். காற்றோட்டமான அறையில் விசிறியை நேராக அடிக்கவிடாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, ஏட்டை லேசாக விரித்து நிறுத்துங்கள். ஐந்தாறு தாளுக்கு ஒன்றாக வெள்ளை உறிஞ்சுதாள் செருகி, தினமும் மாற்றுங்கள். காய்ந்தபின் தானாக விடுகிற தாள்களை மட்டும் எடுங்கள். விடாதது அப்படியே இருக்கட்டும், அது வல்லுநர் வேலை. பூஞ்சை கண்ட ஏட்டைத் தனிப் பெட்டியில் வையுங்கள், என்95 முகக்கவசம் இல்லாமல் திறக்கவேண்டாம்.

பழைய பதிவேட்டு மசி பெரும்பாலும் இரும்புச் சத்துள்ள கடுக்காய் வகை. காலப்போக்கில் அது தாளையே அரிக்கும், எழுத்து இருந்த இடம் ஓட்டையாகும். அதை லேமினேட் செய்வதும் செலோடேப் ஒட்டுவதும் கொலை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "பாதுகாக்கிறோம்" என்று சொல்லித்தான் பல சபைகளில் செய்கிறார்கள்.

படமெடுக்க ஸ்கேனர் வேண்டாம், ஏட்டின் முதுகு உடையும். இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, ஏட்டை 100 பாகைக்கு மேல் திறக்காமல், மேலிருந்து கைபேசியைத் தாங்கியில் பொருத்தி எடுங்கள். இரண்டு விளக்கு, இருபுறமும் 45 பாகையில். ஏ4 அளவுத் தாளுக்கு 2480 × 3508 புள்ளிக்குக் குறையக்கூடாது. அட்டை, வெற்றுத் தாள், பின்னட்டை எதையும் விடாதீர்கள். கணக்குப்பிள்ளை கூட்டல் போட்டதும் உபதேசியார் குறிப்பெழுதியதும் அங்கேதான் இருக்கும். மூடுபனியில் வெளியிலிருந்து வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். பைக்குள்ளேயே அரைமணி இருக்கட்டும், இல்லையென்றால் லென்ஸ் வியர்க்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வேலைக்கு ஏற்ற காலம். திரும்ப வைக்கும்போது பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்துருண்டை பூஞ்சையைத் தடுக்காது. ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் தடுக்கும். அதற்கு சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, மாதம் ஒருமுறை சூடாக்கிக் காயவைத்து மறுபடி வைக்கவேண்டும்.

கல்லறை எழுத்துக்குக் கம்பித் தூரிகை, ஆசிட், சாக்பீஸ் மூன்றும் கூடாது. சுத்தத் தண்ணீர், மென்மையான நைலான் தூரிகை, கீழிருந்து மேலாக நனைத்துத் தேயுங்கள். கல்லைப் பற்றியிருக்கும் பாசிப்படலத்தைச் சுரண்டினால் எழுத்தின் விளிம்பும் கூடவே வரும். பெரும்பாலும் கழுவவே தேவைப்படாது. மாலை மங்கியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் குழிகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்கிற தோட்டமாக இருந்தால் அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். சுண்ணாம்பு எழுத்துக் குழியில் இறங்கினால் அடுத்த மழைக்காலம் வரை ஒன்றும் தெரியாது.

கடைசியாக, படங்களை இணையத்தில் ஏற்றும் முன் ஒன்று. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெரியவர்கள் சேர்ந்த பக்கங்களில் முந்தைய சாதி எழுதியிருக்கும். 1950 பட்டியல் சாதி ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்டவர் அந்தப் பட்டியலில் இடம்பெறமாட்டார். தாத்தா பெயர் இருக்கும் ஒரு பக்கம் இன்று யாரோ ஒரு பிள்ளையின் சாதிச் சான்றிதழ் விசாரணையில் போய் நிற்கக்கூடும். தோடர், கோத்தர், பளியர் போன்ற பழங்குடிகளுக்கு இந்த மத நிபந்தனை இல்லை, ஆனாலும் பெயரை வெளியிடக் குடும்பத்தைக் கேட்கவேண்டும். நூறு வருடத்துக்கு உட்பட்ட பக்கங்களைக் குழுவுக்குள் மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். முழுப் படத்தொகுப்பில் ஒரு படியைச் சபைக்கே வன்தட்டில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். போதகர் மாற்றலாகிப் போனாலும் அனுமதிக்கு அதுதான் சாட்சி.